பழைய படம் ஏன் வெல்கிறது?

பழைய சாகசப் படம் ஒன்றை மறுபடி எடுத்தால், பார்த்தவர்கள் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: பழசு மாதிரி வரவில்லை. கனடாவின் பிக்கரிங் நகரில் உள்ள சினிப்ளெக்ஸ் திரையரங்கில் படம் முடிந்து வெளியே வருபவர்களிடமும் இதைக் கேட்கலாம், சென்னைத் திரையரங்க வாசல்களிலும் கேட்கலாம். இந்தத் தீர்ப்புக்கு இரண்டு விளக்கங்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. அந்தக் காலத்துக் கலைஞர்களிடம் இருந்த திறமை இன்றைக்கு இல்லை என்பது ஒன்று. வயது போனவர்களுக்குத் தங்கள் இளமை மீதுள்ள ஏக்கம்தான் படத்தின் மீது ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பது மற்றது. முதலாவது படத்துக்கு முழுப் புள்ளி போடுகிறது. இரண்டாவது பார்ப்பவரைக் கூண்டில் ஏற்றுகிறது. இரண்டுமே போதாது. புள்ளியியல், நினைவாற்றல் ஆய்வு, பார்வை பற்றிய உளவியல் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. மறுவாக்கத்தின் பின்னடைவில் பெரும்பங்கு, எந்தப் படத்தை மறுபடி எடுப்பது என்று முடிவெடுக்கும் மேசையிலேயே நிச்சயமாகிவிடுகிறது. நம் நினைவு அந்த இடைவெளியைப் பெருக்கிக் காட்டுகிறதே தவிர, இல்லாத ஒன்றை உண்டாக்குவதில்லை.

இதைச் சோதிக்க நமக்கெல்லாம் தெரிந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பி.ஆர். பந்துலு தயாரித்து இயக்கிய 'ஆயிரத்தில் ஒருவன்' 1965 யூலையில் வெளியானது. நெய்தல் நாட்டில் சர்வாதிகாரியை எதிர்த்த கிளர்ச்சிக்காரர்களுக்கு மருத்துவம் பார்த்ததற்காக மணிமாறன் என்ற வைத்தியன் கன்னித் தீவில் அடிமையாக விற்கப்படுகிறான். பிறகு கடற்கொள்ளையர் கப்பலுக்குப் போய்ச் சேர்கிறான். மணிமாறனாக எம்.ஜி.ஆர்., இளவரசி பூங்கொடியாக ஜெயலலிதா, கொள்ளையர் தலைவனாக நம்பியார், சர்வாதிகாரியாக மனோகர். இந்தப் படத்தில் என்னென்ன கூடிவந்தன என்று பாருங்கள். 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கப்பலோட்டிய தமிழன்', 'கர்ணன்' என்று சிவாஜியை வைத்துப் பெரும் படங்கள் எடுத்த பந்துலு, எம்.ஜி.ஆருடன் சேர்ந்த முதல் படம் இது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் ஜோடி சேர்ந்த முதல் படமும் இதுவே. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிவதற்கு முன் இரட்டையராக இசையமைத்த கடைசிப் படமும் இதுதான். பந்துலுவின் அனுபவம், நடிகர்களின் பயிற்சி, பாடல்களில் கொட்டிய உழைப்பு எல்லாம் திறமையின் கணக்கில் சேரும். ஆனால் ஒரு ஜோடியின் தொடக்கமும் இன்னொரு ஜோடியின் முடிவும் ஒரே படத்தில் சந்தித்தது யாரும் போட்ட திட்டம் அல்ல. ஒரு படம் நாட்டையே கட்டிப் போடும் அளவுக்கு அமைய, திறமையோடு இத்தகைய தற்செயல்களும் ஒரே நேரத்தில் கைகொடுக்க வேண்டும்.

தற்செயலின் இந்தப் பங்கைத்தான் பிரான்சிஸ் கால்டன் 1886இல் மனிதர்களின் உயரத்தில் கண்டார். 205 பெற்றோர் இணைகளின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரங்களை அவர் அட்டவணைப்படுத்தினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பொதுவாக உயரமாகத்தான் இருந்தார்கள், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகக் குள்ளமான பெற்றோரின் பிள்ளைகள் குள்ளமாக இருந்தாலும் பெற்றோரைவிடச் சற்று உயர்ந்திருந்தார்கள். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று புள்ளியியல் சொல்வது இதைத்தான். ஒரு தவணைப் பரீட்சையில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த பிள்ளை, அடுத்த தவணையில் சற்றுக் கீழே இறங்குவதற்கே வாய்ப்பு அதிகம். பிள்ளை படிப்பை விட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. முதலிடம் பிடித்த நாளில் படிப்போடு அதிர்ஷ்டமும் சேர்ந்திருந்தது. அடுத்த முறை படிப்பு அப்படியே இருக்கும், அதிர்ஷ்டம் வழக்கமான அளவுக்குத் திரும்பிவிடும். மறுவாக்கத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் தயாரிப்பாளர் செய்வதும் இதேதான். வெளிவந்த எல்லாப் படங்களின் பெயரையும் எழுதிச் சீட்டுக் குலுக்கி அவர் ஒன்றை எடுப்பதில்லை; உச்சத்தைத் தொட்டதாகப் பார்த்து எடுக்கிறார். அந்த உச்சத்துக்குக் காரணமான இரண்டில் திறமையைக் காசு கொடுத்து வாங்கலாம்; தற்செயலை வாங்க முடியாது. ஆகவே இரண்டு குழுக்களும் ஒரே அளவு திறமைசாலிகள் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டாவது படம் முதலாவதற்குக் கீழே விழுவதுதான் எதிர்பார்க்க வேண்டிய முடிவு. மறுவாக்கங்கள் பெரும்பாலும் படுமோசமாக இல்லாமல், பார்க்கக்கூடிய அளவில் நின்றுவிடுவதற்கும் இதுவே காரணம்: திறமை தங்குகிறது, உச்சம் மட்டும் போய்விடுகிறது.

அப்படியானால் எப்போதும் மூலப் படம்தான் வெல்லுமா என்று ஒருவர் கேட்கலாம். 'ஆயிரத்தில் ஒருவன்' வென்றதே அதற்கு மறுப்பு. ரஃபேல் சபாட்டினி 1922இல் எழுதிய 'கேப்டன் பிளட்' நாவலில், கலகக்காரருக்கு மருந்து கட்டிய வைத்தியன் ஒருவன் அடிமையாக விற்கப்பட்டுக் கடற்கொள்ளையன் ஆகிறான். அந்த நாவல் 1924இல் ஊமைப் படமாக வந்தது. 1935இல் மைக்கேல் கர்டிஸ் அதைப் பேசும் படமாக எடுத்தார். நாயகனாக முதலில் நினைத்திருந்த ராபர்ட் டோனட் விலகிக்கொள்ள, அதிகம் அறியப்படாத எரல் ஃபிளின் அந்த இடத்துக்கு வந்து ஒரே படத்தில் நட்சத்திரம் ஆனார். இன்றைக்கு ரசிகர்கள் கொண்டாடுவது 1935 படத்தை. 1924 படத்தைத் திரைப்பட வரலாறு படிப்பவர்கள் மட்டுமே அறிவார்கள். அதே கதை முப்பது ஆண்டு கழித்துத் தமிழில் வந்து மறுபடியும் வென்றது. நம் வரலாற்றில் இன்னொரு சான்றும் உண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 1940இல் பி.யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நடிக்க வைத்து எடுத்த 'உத்தமபுத்திரன்' அந்நாளில் பெரும் பெயர் பெற்றது. அதே பெயரில் அதே கதையை 1958இல் டி. பிரகாஷ் ராவ் சிவாஜியை வைத்து இயக்கினார். இன்றைக்கு 'உத்தமபுத்திரன்' என்றால் பெரும்பாலோர் கண்முன் வருவது சிவாஜிதான். எனவே பழமைக்கென்று தனி மந்திரம் எதுவும் இல்லை. வென்ற இந்த மறுவாக்கங்களைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. 1924 படத்துக்குக் குரல் இல்லை; 1940இன் ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் 1958க்குள் வெகுதூரம் வளர்ந்துவிட்டன. முந்தைய படத்தில் நிரப்புவதற்கு ஓர் இடைவெளி இருந்தது, பிந்தையது அதை நிரப்பியது. இடைவெளியே இல்லாத படத்தை மறுபடி எடுக்கும்போதுதான் கால்டனின் கணக்கு தடையின்றி வேலை செய்கிறது.

தேர்வு இன்னொரு வழியிலும் நம் கண்ணை ஏமாற்றுகிறது. 1965இல் வந்த தமிழ்ப் படங்களில் இன்றைக்கு நாம் பெயர் சொல்லக்கூடியவை ஒரு கை விரல்களுக்குள், மிஞ்சினால் இரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். மற்றவை எங்கே? சில பெட்டிக்குள் கிடக்கின்றன, சில அழிந்தே போய்விட்டன. தமிழின் முதல் பேசும் படம் என்று போற்றப்படும் 1931இன் 'காளிதாஸ்' கூட இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. காலம் சலித்துத் தந்த நல்லவற்றை ஒரு தட்டிலும், போன மாதம் வந்த எல்லாவற்றையும் மறு தட்டிலும் வைத்து நிறுக்கிறோம். தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் என்ன வியப்பு? இன்றைய படங்களும் அறுபது ஆண்டு சல்லடையில் ஓடிய பிறகு, மிஞ்சியவை இதே பளபளப்போடுதான் தெரியும்.

இனி பார்ப்பவர் பக்கம் வருவோம். முதியவர்களிடம் வாழ்க்கையில் நினைவுக்கு வருபவற்றைச் சொல்லச் சொன்னால், பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையான காலம் மற்றக் காலங்களைவிட அடர்த்தியாக வருகிறது என்பது டேவிட் ரூபினும் உடன் ஆய்வாளர்களும் 1986இல் காட்டிய முடிவு. அதன் பிறகு பல நாடுகளில் இதே மேடு கண்டறியப்பட்டிருக்கிறது. பிக்கரிங்கில் வாழும் தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு, ராபர்ட் ஷ்ரௌஃபும் ரூபினும் 1998இல் வெளியிட்டது. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து வளர்ந்த பிறகு அமெரிக்காவில் குடியேறியவர்களிடம் அவர்கள் நினைவுகளைக் கேட்டபோது, அந்த நினைவு மேடு குடிபெயர்ந்த காலத்தை ஒட்டி நகர்ந்திருந்தது. வாழ்க்கை ஒரு கரையை விட்டு மறு கரைக்கு மாறும் காலத்தை மனம் ஆழமாகப் பதிக்கிறது. இலங்கையில் நடந்த 1983 யூலைக் கலவரத்துக்குப் பின் இருபதுகளிலும் முப்பதுகளிலும் கனடா வந்து, ஸ்காபரோவில் தொடங்கி, பிறகு மார்க்கம், ஏஜாக்ஸ், பிக்கரிங் என்று வீடு வாங்கிப் பரவிய தலைமுறைக்கு இளமையும் இடப்பெயர்வும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தன. ஊரில் தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடியப் பார்த்த எம்.ஜி.ஆர். படங்கள் அந்த அடர்ந்த மேட்டில்தான் கிடக்கின்றன. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் நினைவு ஆய்வின் முன்னோடியாக விளங்கிய என்டெல் டல்விங் இதை விளக்க ஒரு கருவி தந்திருக்கிறார். எஸ்தோனியாவிலிருந்து போரின் காரணமாக வெளியேறிக் கனடா வந்தவர் அவர். ஒரு செய்தி பதியும்போது அதைச் சுற்றி இருந்த சூழலும் அதோடு சேர்ந்தே பதிகிறது என்றும், அந்தச் சூழலின் துணுக்கு ஒன்று திரும்பக் கிடைத்தால் செய்தி எளிதில் மீள்கிறது என்றும் 1970களில் அவர் நிறுவினார். பழைய படத்தின் ஒரு பாட்டு, பார்த்த இரவையும் பக்கத்தில் இருந்த முகங்களையும் இழுத்துக்கொண்டு வருகிறது. புதிய படத்துக்கு அந்தத் துணை இல்லை.

இத்தோடு நிறுத்தினால், எல்லாம் ஏக்கம்தான் என்ற கட்சி வென்றதாகிவிடும். நிறுத்த முடியாமல் செய்வது பிள்ளைகள். பிக்கரிங்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்து முற்றமும் இல்லை, 1965உம் இல்லை. கார்னல் பல்கலைக்கழகத்தின் கரோல் க்ரம்ஹான்சலும் ஜஸ்டின் சுப்னிக்கும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இருபது வயதை ஒட்டிய மாணவர்கள் தங்கள் காலப் பாடல்களை விரும்பியதோடு, பெற்றோரின் இளமைக் காலப் பாடல்களிடமும் தெளிவான விருப்பம் காட்டினார்கள். வீட்டில் ஒலித்ததைக் கேட்டே வளர்ந்ததுதான் காரணமாக இருக்கலாம். பழக்கம் விருப்பத்தை வளர்க்கும் என்பதை 1968இலேயே ராபர்ட் ஸயான்ஸ் காட்டியிருந்தார். முன்பின் தெரியாத குறிகளைக்கூடத் திரும்பத் திரும்பக் காட்டினால் மக்களுக்குப் பிடிக்கத் தொடங்கியது. ஆனால் பழக்கத்துக்கு எல்லை உண்டு. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளென் ஷெல்லன்பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் கண்டது இது: இசையைக் கவனித்துக் கேட்பவர்களுக்கு விருப்பம் முதலில் ஏறி, மேலும் மேலும் கேட்கும்போது இறங்கிவிடுகிறது. இதைவிடத் தீர்க்கமான சோதனை 2013இல் இங்கிலாந்தில் நடந்தது. ஆரன் மெஸ்கினும் உடன் ஆய்வாளர்களும் தரம் குறைந்தவை என்று விமர்சகர்கள் ஒதுக்கிய தாமஸ் கின்கேட் ஓவியங்களையும், மதிப்புப் பெற்ற ஜான் மில்லே ஓவியங்களையும் மாணவர்களுக்குப் பல தடவை காட்டினார்கள். அடிக்கடி பார்த்த கின்கேட் ஓவியங்களின் மீது விருப்பம் குறைந்தது. மில்லேயின் ஓவியங்களுக்கு அப்படிக் குறையவில்லை. வெறும் பழக்கம்தான் காரணமென்றால் இரண்டின் மீதும் விருப்பம் ஏறியிருக்க வேண்டும். திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு படைப்பின் குறையையும் வெளிக்காட்டும். அப்பாவின் ஊக்கத்தில் இருபது முறை பார்த்த பிறகும் ஒரு பிள்ளைக்குப் படம் பிடித்திருக்கிறது என்றால், அந்தப் பிடிப்பில் படத்தின் பங்கும் இருக்கத்தான் வேண்டும்.

படத்தின் அந்தப் பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதற்குச் சாகசப் படத்தின் உயிரான சண்டைக் காட்சியைவிட நல்ல இடம் இல்லை. 'ஆயிரத்தில் ஒருவன்' வாள் சண்டையில் எம்.ஜி.ஆரும் நம்பியாரும் பெரும்பாலும் முழு உருவமாகவே தெரிகிறார்கள். கால் எங்கே ஊன்றுகிறது, உடலின் பாரம் எந்தப் பக்கம் மாறுகிறது, வாள் எப்போது புறப்படுகிறது, எப்போது மோதுகிறது என்பதெல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. இது ஏன் முக்கியம் என்பதைச் சுவீடன் உளவியலாளர் குன்னர் யொஹான்சன் 1970களில் காட்டினார். இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் சிறு விளக்குகளைப் பொருத்தி நடக்க வைத்தார். அந்தப் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளின் அசைவை ஐந்தில் ஒரு வினாடி பார்த்தாலே, நடப்பவர் மனிதர் என்று பார்த்தவர்கள் கண்டுகொண்டார்கள். உடலசைவைப் படிப்பதில் நம் கண் அவ்வளவு தேர்ந்தது. ஆகவே பொய்யான அசைவையும் அது உடனே பிடித்துவிடும்: பாரமில்லாமல் மிதக்கும் கணினிக் கப்பலையும், எலும்பில்லாததுபோல் பாயும் கணினி வீரனையும். காட்சியைத் துண்டு துண்டாக வெட்டினால் இன்னொரு இழப்பு. ஜேம்ஸ் கட்டிங் குழுவினர் 1935 முதல் 2005 வரையான 150 ஹாலிவுட் படங்களை அளந்தபோது, ஒரு ஷாட்டின் சராசரி நீளம் காலப்போக்கில் குறுகி வந்தது தெரிந்தது. முன்பு பத்து வினாடியை ஒட்டி நின்றது இப்போது நான்கு வினாடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வேகமான வெட்டு கவனத்தை இழுத்துப் பிடிக்கும், உண்மை. ஆனால் வீச்சுக்கும் மோதலுக்கும் நடுவே வெட்டு விழும்போது, அசைவை முழுதாகப் படிக்கும் வாய்ப்பு கண்ணுக்கு இல்லாமல் போகிறது.

கவனத்தைப் பிடிப்பதும் வழிநடத்துவதும் வேறு வேறு என்பதற்கு மூளையிலிருந்தே சான்று உண்டு. நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசன் குழு, படம் பார்ப்பவர்களின் மூளைச் செயற்பாட்டை ஸ்கேன் செய்து ஒருவரோடொருவர் ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டது. ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சிப் படம் ஒன்றைப் பார்த்தவர்களிடையே மூளைப் புறணியின் 65 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதி ஒரே மாதிரி ஏறி இறங்கியது. 1966இல் வந்த 'த குட், த பேட் அண்ட் த அக்லி'க்கு அது 45 விழுக்காடு. ஒரு பூங்காவில் கெமராவை நிறுத்திவைத்து வெட்டாமல் எடுத்த காட்சிக்கு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒத்த அசைவு அதிகமென்றால் படம் உயர்ந்தது என்று இதற்குப் பொருள் அல்ல. ஆனால் கெமராவை எங்கே வைப்பது, எதை எப்போது காட்டுவது என்று ஓர் இயக்குநர் எடுக்கும் முடிவுகள் பார்ப்பவரின் மூளைக்குள் அளக்கக்கூடிய விளைவை உண்டாக்குகின்றன என்பது இதனால் உறுதியாகிறது. பழைய படத்தின் வலிமை இந்த முடிவுகளில் இருக்கிறது. மறுவாக்கம் கதையையும் பெயரையும் சட்டப்படி வாங்கிக்கொள்கிறது, முடிவுகளை வேறு யாரோ புதிதாக எடுக்கிறார்கள்.

முடிவுகள் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 'லயன் கிங்' மிகத் தெளிவான பாடம். 1994 படம் கையால் வரைந்தது. 2019இல் ஜான் ஃபேவ்ரோ ஏறத்தாழ அதே கதையை, உயிருள்ள விலங்குகளைப் படமெடுத்தது போலவே தோன்றும் கணினி உருவங்களால் எடுத்தார். தமிழ்க் குரலோடும் வந்தது. மயிர்க்கால் வரை உண்மை, ஆனால் தந்தையை இழந்த சிங்கக்குட்டியின் முகத்தில் துயரம் தெரியவில்லை என்று பலரும் குறைப்பட்டார்கள். ஏன் என்பதைத் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். இராமச்சந்திரன் 1999இல் வில்லியம் ஹிர்ஸ்டைனோடு எழுதிய கட்டுரையை வைத்து விளக்கலாம். நிகோ டின்பெர்கன் ஆராய்ந்த கடற்காகக் குஞ்சுகள் தாயின் அலகைக் கொத்தி இரை கேட்கும். உண்மையான அலகைப்போல் துளியும் இல்லாத, பட்டைகள் போட்ட ஒரு மெல்லிய குச்சியைக் காட்டினால் இன்னும் ஆவேசமாகக் கொத்தின. அலகு என்று மூளை தேடும் அடையாளம் அந்தக் குச்சியில் மிகைப்பட்டு இருந்தது. கலை செய்வதும் இதுவே என்கிறார் இராமச்சந்திரன். சோழர் காலத்துப் பார்வதி செப்புத் திருமேனியின் இடையும் வளைவும் எந்தப் பெண்ணின் உடலிலும் அப்படியே இல்லை, பெண்மையின் அடையாளத்தைச் சிற்பி மிகைப்படுத்தியிருக்கிறார் என்று எடுத்துக்காட்டுகிறார். 1994இன் ஓவியர்கள் சிங்கத்தின் புருவத்தையும் வாயோரத்தையும் மனிதத் துயரத்தின் வடிவத்துக்கு வளைத்தார்கள். 2019இன் கலைஞர்கள் சிங்கத்துக்கு உண்மையாக இருந்தார்கள். உண்மைச் சிங்கத்துக்கு அந்தத் தசை அசைவு இல்லை. திறமை குறையவில்லை, தொழில்நுட்பமும் குறையவில்லை. முதல் படத்தில் இடைவெளி இருப்பதாக எண்ணி அவர்கள் நிரப்பப் போன இடத்தில் உண்மையில் இடைவெளி இல்லை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு வசூல். 2019 'லயன் கிங்' உலகெங்கும் 160 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் அள்ளியது. மக்கள் விரும்பாத படத்துக்கு இவ்வளவு பணம் வருமா? பணம் பொய்யல்ல. ஆனால் அனுமதிச் சீட்டு, படம் பார்ப்பதற்கு முன்பு வாங்குவது. பெயரைக் கேட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோர் செலுத்தியதில் பெரும்பகுதி 1994 படத்தின் மீதுள்ள அன்புக்குச் செலுத்தியது. அந்த வசூல் பழைய படத்தின் செல்வாக்குக்கும் சான்றுதான். இரண்டாவது மறுப்பு 'பென்ஹர்'. 1925இன் ஊமைப் படமே மாபெரும் வெற்றி. 1959இல் வில்லியம் வைலர் அதை மறுபடி எடுத்துப் பதினொரு ஒஸ்கார் பெற்றார். 1925 படத்தின் உதவி இயக்குநர்களில் ஒருவராக வேலை செய்தவர் அவர். உச்சத்திலிருந்து இன்னும் உயரத்துக்குப் போன கதை இது. சராசரிக்குத் திரும்பும் விதி எங்கே போனது? அது ஒவ்வொரு படத்துக்கும் எழுதிய தலைவிதி அல்ல, பல படங்களின் சராசரி பற்றியது. மேலும் 1959 படத்துக்குக் குரலும் படம் முழுவதும் நிறமும் அகன்ற திரையும் இருந்தன. 1925க்கு அவை இல்லை. நிரப்ப இடம் இருந்தது. 2016இல் அதே கதை மறுபடி வந்தபோது நிரப்ப எதுவும் மிஞ்சவில்லை. வந்த வேகத்தில் அது மறக்கப்பட்டது. ஒரே கதையின் இந்த மூன்று படங்களும் மேலே சொன்ன விளக்கத்தை உடைக்காமல் உறுதி செய்கின்றன.

விளக்கம் சரியென்றால் செய்ய வேண்டியதும் தெளிவாகிறது. மறுபடி எடுக்க ஏற்றவை, நல்ல கதை இருந்தும் கைகூடாமல் போன படங்கள். 'த மால்டீஸ் ஃபால்கன்' நாவல் 1931இலும் 1936இலும் சுமாரான படங்களாக வந்துபோனது. 1941இல் ஜான் ஹஸ்டன் எடுத்த மூன்றாவதுதான் காலத்தை வென்றது. கீழே இருப்பதிலிருந்து சராசரிக்குத் திரும்புவது ஏற்றமாகவே இருக்கும் என்பதும் கால்டனின் அதே கணக்குத்தான். புகழ்பெற்ற பெயர்தான் வேண்டுமென்றால் செல்வராகவன் காட்டிய வழியும் உண்டு. 2010இல் அவர் எடுத்த 'ஆயிரத்தில் ஒருவன்' பெயரை மட்டும் கொண்டு சோழர் வழித்தோன்றல்களைத் தேடும் வேறொரு சாகசக் கதையைச் சொன்னது. காலப்போக்கில் தனக்கென்று ரசிகர்களையும் சேர்த்துக்கொண்டது. உச்சம் தொட்ட படங்களுக்கோ செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை, அவற்றையே பழுதுபார்த்துத் திரும்பத் திரையில் காட்டுவது. பந்துலுவின் 'கர்ணன்' 2012இல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது மக்கள் திரண்டார்கள். 2014 மார்ச்சில் அவருடைய 'ஆயிரத்தில் ஒருவன்' மறுபடி வந்து சென்னையில் இருபத்தைந்து வாரங்களைக் கடந்து வெள்ளிவிழாக் கண்டது. அரை நூற்றாண்டு பழைய படம், ஒரு காட்சியைக்கூடப் புதிதாக எடுக்காமல் சாதித்தது அது. மறுவாக்கத்துக்குக் கொட்டும் பணத்தில் சிறு பங்கு போதும், பெட்டிகளில் கிடந்து சிதையும் எத்தனையோ பிரதிகளைக் காப்பாற்ற. ரொறன்ரோ வட்டாரத்தில் தமிழ்ப் படத்துக்குக் கூட்டம் வருகிறது, பிக்கரிங்கில் நல்ல திரை இருக்கிறது, தமிழ் அமைப்புகளும் இருக்கின்றன. புதுப்பித்த பழைய படங்களை இங்கே பெரிய திரைக்குக் கொண்டுவர நாம் கேட்க வேண்டும். பிள்ளைகளிடம் எது மேல் என்று முன்கூட்டியே சொல்லிவைக்காமல், பழையதைப் பழுதற்ற பிரதியில் ஒருமுறை முழுதாகப் பார்க்க விட வேண்டும். நினைவின் துணை இல்லாத கண்கள் சொல்லும் தீர்ப்புத்தான் இந்த வழக்கில் கேட்கப்படாமல் இருக்கும் சாட்சி. நல்ல படம் அந்தச் சாட்சிக்கு அஞ்ச வேண்டியதில்லை.